பெட்ரோல் போட்டதும் கார் ஏன் திணறுகிறது?

என் சித்தப்பா வைத்திருப்பது ஒன்பது ஆண்டுப் பழைய பெட்ரோல் கார். போன கோடையில் அதற்கு ஒரு புதுத் தொல்லை வந்தது. டேங்கை நிரப்பிவிட்டுச் சாவியைத் திருகினால் வண்டி உடனே பிடிக்காது. மூன்றாம் முறை பிடித்தாலும் இன்ஜின் உதறும், ஆக்சிலரேட்டரை மிதித்தால் முக்கும், பின்புறமிருந்து எரியாத பெட்ரோலின் நெடி அடிக்கும். பெட்ரோல் பங்கில் தண்ணீர் கலக்கிறார்கள் என்று சித்தப்பா முடிவு கட்டிவிட்டார். பங்கை மாற்றினார், அங்கேயும் அதே கதை. மூன்றாவதாக இன்னொரு பங்குக்குப் போனார். இதற்கிடையே ஒரு பட்டறையில் நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் மாற்றி, பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களைக் கழற்றிச் சுத்தம் செய்து பணம் வாங்கிக்கொண்டார்கள். அடுத்த முறை பெட்ரோல் போட்டபோது வண்டி மறுபடியும் திணறியது.

அவர் இதைச் சொல்லி அலுத்துக்கொண்டபோது நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்.

“திணறல் எவ்வளவு தூரத்துக்கு இருக்கிறது, சித்தப்பா?”

“பங்கை விட்டு வெளியே வந்து சிக்னலைத் தாண்டுவதற்குள் சரியாகிவிடுகிறதடா. அதற்குப் பிறகு டேங்க் காலியாகிற வரைக்கும் ஒரு குறையும் இல்லை.”

அந்தப் பதிலிலேயே பாதி நோய் பிடிபட்டுவிட்டது. கெட்ட பெட்ரோல் சிக்னல் வரை கெட்டதாகவும் அதற்கு அப்பால் நல்லதாகவும் இருக்க வழியில்லை. அதே டேங்கில் உள்ள அதே பெட்ரோலில்தான் வண்டி அடுத்த 400 கிலோமீட்டரும் பிசகில்லாமல் ஓடியிருக்கிறது.

பெட்ரோல் போட்ட பிறகு வரும் கோளாறுகள் எல்லாவற்றுக்கும் இந்தக் கேள்வி பொருந்தும். திணறல் எப்போது தொடங்குகிறது, எவ்வளவு நேரம் நீடிக்கிறது? இந்த இரண்டையும் கவனித்துச் சொல்லத் தெரிந்தால், காரைப் பற்றி வேறெதுவும் தெரியாதவர்கூடத் தேவையற்ற செலவிலிருந்து தப்பிக்கலாம். ஸ்டார்ட் செய்த உடனே தொடங்கி ஓரிரு நிமிடத்தில் அடங்கினால் ஆவியைச் சந்தேகிக்க வேண்டும். முதலில் நன்றாகக் கிளம்பி, சிறிது தூரம் போனதும் தொடங்கி, அடங்காமல் மோசமாகிக்கொண்டே போனால் டேங்குக்குள் வந்த திரவத்தையே சந்தேகிக்க வேண்டும். வேகமெடுக்கும்போதும் மேடேறும்போதும் மட்டும் இழுவை இல்லையென்றால் அடைப்பைப் பார்க்க வேண்டும்.

ஏன் இப்படி என்று புரிய இன்ஜினின் சாப்பாட்டுக் கணக்கு கொஞ்சம் தெரிய வேண்டும். 1 கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். பெட்ரோல் கூடினால் கலவை கனத்துப்போகும். ஸ்பார்க் பிளக் நனையும், கரும்புகை வரும், நெடி அடிக்கும். பெட்ரோல் குறைந்தால் கலவை மெலிந்துபோகும். சிலிண்டரில் தீ சரியாகப் பற்றாமல் வண்டி வெட்டி வெட்டி ஓடும். இந்த அளவைக் கவனித்துக்கொள்வது வண்டியின் கணினியான இசியு. சைலன்சர் குழாயில் உள்ள ஆக்சிஜன் சென்சார் புகையை முகர்ந்து பார்த்துச் சொல்ல, இசியு இன்ஜெக்டரின் அளவைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருக்கும். தனக்குத் தெரியாமல் வேறு வழியில் பெட்ரோலோ காற்றோ திடீரென்று நுழைந்தால் அது தடுமாறும். நிலைமை புரிந்து திருத்திக்கொள்ளக் கொஞ்ச நேரம் எடுக்கும்.

கண்ணுக்குத் தெரியாத ஆவி

பெட்ரோல் டேங்கில் காலி இடம் என்று நாம் நினைப்பது காலி இடமல்ல. அங்கே பெட்ரோல் ஆவி நிறைந்திருக்கிறது. 30 லிட்டர் பெட்ரோல் உள்ளே போகும்போது 30 லிட்டர் ஆவி இடம்பெயர்ந்தாக வேண்டும். நம் ஊர்க் கார்களில் அதில் பெரும்பகுதி நிரப்பும் வாய் வழியாகவே வெளியேறுகிறது. பங்கில் மூக்கில் ஏறும் மணம் அதுதான். அமெரிக்காவில் விற்கும் கார்களில் நிரப்பும்போது எழும் ஆவியையும் வண்டியே பிடித்துவைத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. இரண்டு இடத்திலும் ஒன்று பொது: மூடியைப் போட்ட பிறகும் கலங்கிய பெட்ரோல் ஆவியை விட்டுக்கொண்டே இருக்கும். வெயிலில் காய்ந்த டேங்கில் அது இன்னும் அதிகம்.

அந்த ஆவி காற்றில் கலந்து வீணாகாமலிருக்கக் காரில் ஒரு சிறு பெட்டி வைத்திருக்கிறார்கள். கேனிஸ்டர் என்பார்கள். உள்ளே இருப்பது கரித்துகள். மண்பானையைச் சுற்றிய ஈரத்துணி நீரைப் பிடித்துவைப்பதைப் போல இந்தக் கரி ஆவியைப் பிடித்துவைக்கும். பிறகு இன்ஜின் சூடாகிச் சீராக ஓடும் வேளை பார்த்து, இசியு ஒரு சிறு வால்வைத் திறக்கும். இன்ஜின் அந்த வழியாக ஆவியை உறிஞ்சி எரித்துவிடும். அந்த வால்வின் பெயர் பர்ஜ் வால்வு. கட்டைவிரல் பருமனில், இரண்டு ரப்பர் குழாய்களும் ஒரு மின் இணைப்பும் கொண்ட பிளாஸ்டிக் உருளை. மின்சாரம் வராத நேரத்தில் அது இறுக மூடியிருக்க வேண்டும்.

மூடாவிட்டால் என்ன ஆகும்? சாதாரணமாக ஓடும்போது கசியும் ஆவி கொஞ்சம்தான், இசியு சமாளித்துக்கொள்ளும். பெட்ரோல் போட்ட நேரத்தில் மட்டும் டேங்கிலிருந்து பொங்கும் ஆவி, திறந்துகிடக்கும் வால்வு வழியாக இன்ஜினின் காற்றுப் பாதையை நிறைத்துவிடும். அந்த நிலையில் ஸ்டார்ட் செய்தால், இன்ஜெக்டர் தெளிப்பதோடு இந்த ஆவியும் சேர்ந்து இன்ஜினுக்கு மூச்சு முட்டுகிறது. ஓரிரு நிமிடத்தில் ஆவி எரிந்து தீர்ந்ததும் வண்டி ஒன்றும் நடக்காததுபோல் ஓடும். சித்தப்பாவின் கார் செய்தது அணுவளவும் மாறாமல் இதையேதான்.

வீட்டிலேயே சோதிக்கலாம். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். திறந்த வெளியாக இருக்க வேண்டும். பக்கத்தில் தீயோ பீடியோ சிகரெட்டோ கூடாது. சித்தப்பாவின் காரில் பானெட்டைத் திறந்து வால்வின் மின் இணைப்பை முதலில் கழற்றிவிட்டோம். இனி இசியு நினைத்தாலும் அதைத் திறக்க முடியாது. இன்ஜினை ஓடவிட்டு, கேனிஸ்டரிலிருந்து வரும் குழாயை வால்விலிருந்து உருவினேன். சட்டைக் கையும் துண்டும் பெல்ட், மின்விசிறி பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். குழாயை எடுத்ததுமே ‘ஸ்ஸ்ஸ்’ என்ற சத்தம். நின்ற இடத்தில் ஓடிக்கொண்டிருந்த இன்ஜினின் சுதி ஏறி இறங்கியது. வால்வின் வாயில் விரலை வைத்தேன், பிடித்து இழுத்தது. விரலால் முழுக்க அடைத்ததும் சத்தமும் நின்றது, இன்ஜினும் சீரானது. நல்ல வால்வாக இருந்திருந்தால் அந்த வாயில் இழுவையே தெரியக் கூடாது.

சித்தப்பாவையும் விரலை வைத்துப் பார்க்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். “இவ்வளவு சின்னதா?” என்றார்.

வால்வைக் கழற்றி உள்ளங்கையில் தட்டியபோது கடுகை விடச் சிறிய கரும்புள்ளிகள் நாலைந்து விழுந்தன. கேனிஸ்டரின் கரித்துகள்கள். அவைதான் வால்வின் அடைப்பானில் சிக்கி அதை மூடவிடாமல் செய்திருக்கின்றன. இப்படிக் கரி வந்திருந்தால் வால்வை மட்டும் மாற்றிப் பயனில்லை. புது வால்விலும் அதே கரி வந்து சிக்கும். கேனிஸ்டரையும் பார்க்க வேண்டும்.

கரி ஏன் உடைந்து வந்தது என்பதற்கும் காரணம் உண்டு. பங்கில் பெட்ரோல் ஊற்றும் குழாய்முனையான நாசில் தானாக ‘டக்’கென்று நின்ற பிறகும், “முழுத் தொகையாக்கிவிடு தம்பி” என்று இன்னும் இரண்டு மூன்று அழுத்து அழுத்தச் சொல்வது சித்தப்பாவின் நெடுநாள் வழக்கம். நாசிலின் முனையில் ஒரு சிறு துளை இருக்கிறது. பெட்ரோல் அந்தத் துளையை எட்டியதும் உள்ளே உறிஞ்சும் காற்று தடைபட்டு நாசில் நின்றுவிடும். ஆவிக்கும் வெப்பத்தில் விரிவதற்கும் என்று டேங்கின் மேற்பகுதியில் விட்டுவைத்த இடம் அதற்கு மேல்தான் இருக்கிறது. அதையும் நிரப்பினால் திரவப் பெட்ரோல் கேனிஸ்டருக்குள் போய்விடும். ஆவிக்காகச் செய்த கரி திரவத்தில் ஊறினால் வீணாகும், நாளடைவில் உதிரும். ஆகவே நாசில் முதல் முறை நின்றதும் நிறுத்திவிடுங்கள். 37 ரூபாய் சில்லறை இருந்தால் இருக்கட்டும்.

சித்தப்பாவின் காருக்கு வால்வும் கேனிஸ்டரும் மாற்றினோம். வால்வு சில ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. கேனிஸ்டர்தான் கொஞ்சம் கடித்தது. உடனே மாற்ற முடியாதவர்களுக்கு ஒரு தற்காலிக வழி உண்டு. பெட்ரோல் போட்டபின் ஸ்டார்ட் செய்யும்போது ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்துக்கொண்டால் கூடுதல் காற்று உள்ளே போய்க் கனத்த கலவை இளகும், வண்டி பிடித்துக்கொள்ளும்.

தண்ணீர் வந்திருந்தால்

இதற்கு நேர்மாறானது தண்ணீர்க் கோளாறு. வண்டி பங்கிலிருந்து நன்றாகவே கிளம்பும், ஏனென்றால் குழாயிலும் இன்ஜெக்டரிலும் பழைய பெட்ரோல் இருக்கிறது. அது தீர்ந்து புதியது வந்து சேர்ந்ததும் தொடங்கும். ஒரு லிட்டர் பெட்ரோல் ஏறக்குறைய 740 கிராம், தண்ணீரோ 1000 கிராம். எனவே தண்ணீர் டேங்கின் அடியில் தங்கும். பெட்ரோல் பம்ப் உறிஞ்சும் வாயும் அடியில்தான் இருக்கிறது. கொஞ்சம் தண்ணீர் வந்திருந்தாலும் முதலில் போவது அதுதான். வண்டி வெட்டும், குலுங்கும், நடு வழியில் நின்றுவிடும். மறுபடி ஸ்டார்ட் செய்தால் பிடிக்காது. அதே பங்கில் அதே நேரத்தில் பெட்ரோல் போட்ட இன்னொரு வண்டியும் சற்றுத் தள்ளி நின்றிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இது அதிகம் நடக்கிறது. பங்கின் நிலத்தடித் தொட்டியில் மழைநீர் இறங்கலாம். நம் காரின் மூடி சரியாகப் பொருந்தாமல் அங்கேயே இறங்கியும் இருக்கலாம். இரண்டாவதையும் பார்த்துவிட்டுப் பங்கைக் குறை சொல்வது நல்லது.

உறுதிசெய்ய ஒரு கண்ணாடிப் பாட்டில் போதும். மெக்கானிக்கை வைத்துப் பெட்ரோல் குழாயிலிருந்து கால் லிட்டர் பிடிக்கச் சொல்லுங்கள். ரப்பர்க் குழாயை வாயில் வைத்து உறிஞ்சும் வேலை வேண்டவே வேண்டாம்; நுரையீரலுக்குள் சில சொட்டு போனாலும் ஆபத்து. பாட்டிலை அசையாமல் கால் மணி நேரம் வைத்துவிட்டு, கண் மட்டத்தில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நல்ல பெட்ரோல் மேலிருந்து கீழ்வரை ஒரே தெளிவாக இருக்கும். தண்ணீர் இருந்தால் அடியில் தனி அடுக்காக நிற்கும். இரண்டுக்கும் நடுவே கத்தியால் வகுந்தது போன்ற கோடு தெரியும். பாட்டிலை மெல்லச் சாய்த்தால் அந்தக் கோடும் சாய்ந்து நகரும்.

இங்கே ஒரு பெரிய தவறான புரிதலைச் சொல்லியாக வேண்டும். பெட்ரோலில் தண்ணீரை ஊற்றிக் குலுக்கி, அடி அடுக்கு பெருகுவதைக் காட்டி, “பாருங்கள், எவ்வளவு தண்ணீர் கலந்திருக்கிறது” என்று பலர் படம் எடுத்துப் போடுகிறார்கள். இன்று இந்தியாவில் விற்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் சேர்க்கப்படுகிறது. எத்தனாலுக்குப் பெட்ரோலை விடத் தண்ணீரோடுதான் ஒட்டுறவு அதிகம். 90 மில்லி பெட்ரோலில் 10 மில்லி தண்ணீர் ஊற்றிக் குலுக்கினால், அதிலுள்ள 18 மில்லி எத்தனாலில் பெரும்பகுதி தண்ணீரோடு சேர்ந்து கீழே இறங்கிவிடும். அடி அடுக்கு 28 மில்லியை நெருங்கும். அது கலப்படத்துக்குச் சான்று ஆகாது. சோதிக்க வேண்டிய பெட்ரோலில் எதையும் ஊற்றாமல், அப்படியே வைத்துப் பார்க்க வேண்டும்.

ஆனால் இதே ஒட்டுறவால் ஒரு கெடுதலும் உண்டு. எத்தனால் கலந்த பெட்ரோல் சிறிதளவு தண்ணீரைத் தன்னுள் கரைத்து வைத்துக்கொண்டு ஒன்றும் காட்டாது. 10 சதவீதக் கலவையில் லிட்டருக்குச் சுமார் 5 மில்லி வரை தாங்கும். அந்த எல்லை தாண்டியதும் எத்தனாலும் தண்ணீரும் கைகோத்துப் பிரிந்து அடியில் போய் நிற்கும். இன்ஜினுக்குப் போவது அந்த அடுக்குதான். அப்படிப் பிரிந்த பிறகு கூடுதலாக நல்ல பெட்ரோல் போட்டுச் சமாளிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். டேங்கை முழுதாக வடித்து, ஃபில்டரை மாற்றி, குழாயைக் கழுவிவிட்டுப் புதுப் பெட்ரோல் நிரப்புவதுதான் வழி.

எத்தனாலே திணறலுக்குக் காரணமா என்று பலர் கேட்கிறார்கள். எத்தனால் எரியக் குறைவான காற்றே போதும். 20 சதவீதக் கலவைக்கு ஏறக்குறைய 13.5 மடங்கு. நல்ல நிலையில் உள்ள கார் இதைத் தானே திருத்திக்கொள்ளும். மைலேஜ் சற்றுக் குறையும், அது உண்மை. ஆனால் பல ஆண்டு ஓடிய வண்டியின் டேங்கில் படிந்த கசடை எத்தனால் இளக்கிவிடும். அது ஃபில்டரில் போய் அடைக்கும். பழைய ரப்பர்க் குழாய்களும் சீக்கிரம் தளர்ந்துபோகலாம்.

மாற்றி ஊற்றியிருந்தால்

பெட்ரோல் காரில் டீசல் ஊற்றிவிட்டால் வெண்புகையோடு இன்ஜின் தட்டும், இழுக்காது, நின்றுவிடும். டேங்கை வடித்து, பிளக்குகளைச் சுத்தம் செய்தால் பெரும்பாலும் மீண்டுவிடும். டீசல் காரில் பெட்ரோல் ஊற்றுவதுதான் கொடுமை. இன்றைய டீசல் வண்டியின் பம்ப் 1600, 2000 பார், அதாவது சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைப் போல ஏறக்குறைய அத்தனை மடங்கு அழுத்தத்தில் வேலை செய்கிறது. அதன் உள்பாகங்களுக்கு மசகு எண்ணெயே டீசல்தான். பெட்ரோல் அந்த மசகைக் கழுவிவிடும். உலோகம் உலோகத்தோடு உரசி, அரைந்த துகள் இன்ஜெக்டர் வரை போய்விடும். அங்கே செலவு லட்சத்தைத் தொடலாம். எனவே தவறு நடந்தது தெரிந்த கணமே சாவியைத் தொடாதீர்கள். ஸ்டார்ட் செய்யாவிட்டாலும் சாவியை ‘ஆன்’ நிலைக்குத் திருப்பினாலே பல வண்டிகளில் டேங்க் பம்ப் ஓடத் தொடங்கும். பின்னால் எத்தனை வண்டி ஹாரன் அடித்தாலும் சரி, கியரை நியூட்ரலில் போட்டுத் தள்ளி ஓரமாக நிறுத்துங்கள்.

கசடு அடைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பெட்ரோல் அளவு காட்டும் முள் எப்போதும் அடியில் கிடக்க, நூறும் இருநூறுமாகப் பெட்ரோல் போட்டு ஓட்டும் வண்டியில், வேகமாகப் பாயும் பெட்ரோல் அடிக்கசடைக் கலக்கிவிடும். அது பம்பின் வலையில் படியும். நகரத்துக்குள் ஒன்றும் தெரியாது. புறவழிச்சாலையில் முந்தும்போது இழுவை விட்டுப்போகும். டேங்கில் மூழ்கியிருக்கும் பம்ப் சூடு தணிவதும் பெட்ரோலால்தான். கால் டேங்குக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொண்டால் பம்பின் ஆயுள் கூடும்.

டாஷ்போர்டில் இன்ஜின் விளக்கு எரிந்தால், இசியு பதிந்துவைத்த கோளாறு எண்ணைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டிப் பாருங்கள். அதைச் செருகும் துளை ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும். பி0441, பி0496 என்ற எண்கள் வந்தால் பர்ஜ் வால்வுப் பக்கம் பார்வையைத் திருப்பலாம். பி0172 கலவை கனத்திருப்பதையும், பி0171 மெலிந்திருப்பதையும், பி0300 பல சிலிண்டர்களில் தீ தவறுவதையும் சொல்கின்றன. எண் வந்துவிட்டது என்பதற்காக உதிரியை மாற்றிவிடக் கூடாது. அது எந்தத் திசையில் தேட வேண்டும் என்று மட்டுமே சொல்கிறது. விளக்கு நிலையாக எரிந்தால் மெதுவாகப் பட்டறை வரை ஓட்டிப் போகலாம். விட்டுவிட்டு மின்னினால் ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்துவிடுங்கள். எரியாத பெட்ரோல் சைலன்சருக்குள் போய், அங்கே புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைச் சூட்டில் உருக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அந்த ஒரு பாகத்தின் விலையில் நாலைந்து பர்ஜ் வால்வு வாங்கலாம்.

பெட்ரோல்தான் கெட்டது என்று பாட்டில் சோதனையில் தெரிந்துவிட்டால், பங்கில் கேட்க நமக்கு உரிமை உண்டு. வடிகட்டித் தாள் சோதனையைக் கேட்கலாம்: தாளில் ஒரு சொட்டு விட்டால் இரண்டு நிமிடத்தில் கறையில்லாமல் உலர வேண்டும். இது மண்ணெண்ணெய், டீசல் கலப்பைக் காட்டும், தண்ணீரைக் காட்டாது. அடர்த்தியை நம் கண்முன் அளந்து காட்டச் சொல்லலாம். 15 டிகிரி வெப்பத்துக்குக் கணக்கிட்டால் பெட்ரோலுக்கு அது லிட்டருக்கு 720 கிராமுக்கும் 775 கிராமுக்கும் இடையில் இருக்க வேண்டும். நிலத்தடித் தொட்டியில் தண்ணீர் உள்ளதா என்று பார்க்க, அளவுகோலில் தடவும் ஒரு பசை பங்கிலேயே இருக்கும். தண்ணீர் பட்ட இடத்தில் அதன் நிறம் மாறும். மழைக்காலத்தில் கேட்க வேண்டியது இதைத்தான்.

பில்லைக் கட்டாயம் வாங்கி வைத்திருங்கள். டேங்கிலிருந்து வடித்த பெட்ரோலில் ஒரு லிட்டரையாவது, பங்கின் ஆள் ஒருவர் பார்க்க, எரிபொருளுக்கென்று விற்கும் உலோகக் கலனில் மூடி, நாளும் நேரமும் எழுதி வைத்துவிடுங்கள். மெக்கானிக் எல்லாவற்றையும் வடித்துக் கீழே கொட்டிவிட்ட பிறகு நிரூபிக்க நம் கையில் ஒன்றும் இருக்காது. பங்கின் புகார்ப் புத்தகத்தில் எழுதுங்கள். அங்கே பதில் கிடைக்கவில்லையென்றால் எண்ணெய் நிறுவனத்திடமும், தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இலும் பில் எண்ணைச் சொல்லிப் பதிவு செய்யலாம்.